மூன்றாவது ஏர் கன்

லூர்துசாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது ஏர் கன் வந்தது. காற்றடித்துத் தூசி ஊத வந்த அந்தப் புதியவனை, ரப்பர் ஹோஸின் நுனியில் இருந்த பித்தளைக் கப்ளர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“வாப்பா தம்பி. உனக்கு முன்னால ரெண்டு பேர் வந்தானுங்க. ரெண்டும் காத்து ஒழுகுற கேஸு. பாவம், காத்து அடைச்சுக் குடுக்குற கம்ப்ரஸர் ஓய்ஞ்சு உட்காரவே முடியல. நீயாவது ஒழுங்கா இரு.”

“சரிங்கண்ணே” என்றது கன், பயந்துபோய்.

அதற்குள் ‘உஸ்ஸ்’ என்று சத்தம். சற்றுமுன் ஓய்ந்த கம்ப்ரஸர் மறுபடி தடதடத்தது.

“பாத்தியா, நீயும் அப்படித்தான்!” என்றது கப்ளர்.

கன் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தது. ‘உஸ்ஸ்’ நிற்கவில்லை.

“மூணு கன்னுமா ஓட்டையா இருக்கும்?” என்று முனகிய லூர்துசாமி, பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி இருவர்மேலும் தடவினார். கன்மேல் ஒரு குமிழிகூட எழவில்லை. கப்ளரின் கழுத்தைச் சுற்றி நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

கப்ளர் நெஞ்சை நிமிர்த்தியது. “பாத்தியா தம்பி, இத்தனை நாள் உழைச்சதுக்கு எனக்கு மாலை போட்டிருக்காரு!”

லூர்துசாமி ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் அழுக்குத் துணியுமாகக் குனிந்தார்.

“அதோ, பொன்னாடையும் வந்துடுச்சு” என்றது கப்ளர்.