நம்ம வெப்சைட் நம்ம கையில்

"ஓசியில கிடைக்கிறதை நம்பி உக்காந்திருக்கோம். நாளைக்கு எவனாவது உள்ளே புகுந்து கலைச்சுட்டுப் போனா யாரைத் தம்பி போய்க் கேக்கறது?"

செயலாளர் சுப்பராயன் மைக்கே இல்லாமல் முழங்கினார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வர்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அயனம்பாக்கத்தில் இருக்கும் அந்த ஃபிளாட்ஸின் வெப்சைட்டை நாலு வருஷமாக அவள் கணவன் விக்ரம்தான் பார்த்துக்கொள்கிறான். கம்பெனி வேலை போக மிச்சம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே தாரை வார்த்தான். சங்கக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் வைத்து அதை ஓசி என்கிறார் இந்த மனுஷன்.

"இது ஓப்பன் சோர்ஸ் சார்," என்றான் விக்ரம். "யார் வேணா எடுத்துக்கலாம், நமக்குத் தோதா மாத்திக்கலாம். எத்தனையோ பெரிய நிறுவனங்க இதுலதான் வெப்சைட் நடத்துது."

"நான் பேசி வெச்சிருக்கிற கம்பெனி சாஃப்ட்வேர்னா வருஷச் சந்தா கட்டினாப் போதும். எல்லாத்தையும் அவனே பாத்துப்பான். போன் பண்ணா ஆள் எடுப்பான்."

"ஒரு வருஷம் சந்தா கட்டலைன்னா சைட்டையே மூடிடுவான் சார். நம்ம வெப்சைட் நம்ம கையில இருக்கணும். அது கிடக்கட்டும், பழைய பக்கங்களை எல்லாம் புதுசுக்கு மாத்தித் தருவானா?"

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழசு எதுக்கு? புதுசா ஆரம்பிச்சுக்கலாமே."

"அப்படி வாங்க வழிக்கு. வெள்ளப் பக்கத்தை ஒழிச்சுக் கட்டத்தானே இவ்வளவு பேச்சும்?"

எல்லாத் தலையும் விக்ரம் பக்கம் திரும்பியது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய மழையில் ஏரித் தண்ணீர் உள்ளே வந்து, தரைத்தளத்து வீடுகளில் இடுப்பளவு நின்றது. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று படங்களோடு விக்ரம் ஒரு பக்கம் போட்டிருந்தான். ஃபிளாட்ஸின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான்.

தரைத்தளத்து ஜெகதீசன் எழுந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

"மறைக்கறதுக்கு இன்னா கீது தம்பி? பொண்ணு கல்யாணத்துக்கு ஊட்டை வித்தே ஆவணும். மூணு பேர் வந்து பாத்தாங்கோ. மூணு பேரும் போன்ல அந்தப் படத்தைக் காட்டிட்டுப் பூட்டாங்கோ."

"வாங்க வர்றவன் மனுஷன் இல்லையாண்ணே?" விக்ரமின் குரல் உயர்ந்தது. "நான் வாங்கினப்போ இங்க தண்ணி வரும்னு ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா? இருபது வருஷ லோன் போட்டு வாங்கிட்டு, கட்டில் மேல நின்னுக்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கத்தைப் போட்டேன்."

"பெரிசா பேசறே. உன் வீடும்தான் விலைக்கு நிக்குது," என்றார் சுப்பராயன்.

"ஆமா சார். இன்னிக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்க வர்றாங்க. வெப்சைட்டை நல்லாப் பார்த்துட்டே கொடுக்கட்டும்."

வர்றவங்க கண்ணில் அந்தப் பக்கம் பட்டுவிடக் கூடாதே என்று காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டவள் வர்ஷா. தன்னை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தன் பிழைப்பு கெட்டாலும் பரவாயில்லை என்று பேசுகிறவனின் உழைப்பைப் போய் ஓசி என்றாரே என்று ஆத்திரமாகவும் வந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதினொரு கைகள் உயர்ந்தன. விக்ரம் பக்கம் பத்து.

ஜெகதீசன் மட்டும் இரண்டுக்கும் கை தூக்காமல் இருந்தார். பிறகு விக்ரம் பக்கம் கையைத் தூக்கினார்.

"தம்பி சொல்றதுதான் நியாயம். நாளைக்கு ஒருத்தர் ஊட்டைப் பாக்க வரார். அவராண்ட நானே சொல்லிடறேன். வேணாம்னா போவட்டும்."

அவர் அப்படிச் சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் இருந்து நாலைந்து கைகள் மெல்ல இறங்கின. சுப்பராயன் கம்பெனிக்காரன் தந்த வழவழப்பான காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

வீட்டுக்குள் வந்ததும் வர்ஷா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வியாபாரம் போனாலும் போகட்டும் விக்ரம். இந்தப் பணத்துல வாங்கலாம்னு வெள்ளானூர்ல பார்த்த மனையை அப்புறம் வாங்கிக்கலாம். வர்றவங்களுக்கு அந்தப் பக்கத்தை நாமளே காட்டிடுவோம்."

விக்ரம் ஃபேனைப் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தான்.

"எதைக் காட்டுவே? அது இப்போ அங்க இல்ல. கூட்டத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன். நம்ம கையில இருந்தா இதான் வசதி."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள். "ஒரேயடியாவா எடுத்துட்டீங்க?"

"சேச்சே. நம்ம பத்திரம் பதிஞ்ச அன்னிக்கே திரும்பப் போட்டுடுவேன். பாவம், வாங்க வர்றவங்க ஏமாறக் கூடாது பாரு."