பாசி மூடிய குறி

கூடாரக் கயிற்றை அவிழ்க்கப் போன ஜிபார் மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

எர்கெஷ் அக்ரூட் மூட்டையை இறக்கிவிட்டு மனைவியிடம் வந்தான். தோலுரித்துத் தோலுரித்து அவன் கைகள் கன்னங்கரேலென்று இருந்தன.

விடிய விடிய மழையிலும் காற்றிலும் கயிறு உராய்ந்ததில், மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி பெயர்ந்திருந்தது. மிளகளவுகூட இல்லாத சாம்பல் வட்டங்கள். ஒன்றோடொன்று ஒட்டி, அடிமரத்துக்கு இன்னொரு தோல் போல் படர்ந்திருந்த மரப்பாசி.

அது போன இடத்தில் கத்திக் கீறல் தெரிந்தது. இரண்டு சாய்கோடு, நடுவே ஒரு குத்து.

இந்த மரம் எர்கெஷின் தம்பி ஜோரோவுக்கென்று அப்பா போட்ட குறி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த அந்த அறுவடையில், இங்கேதான் தகராறு வந்தது. காரா-அல்மா காட்டிலேயே இப்படிக் காய்க்கிற மரம் கிடையாது. ஜோரோ, நான் பட்டாளத்தில் இருந்தபோது அப்பா எனக்குக் குறி போட்டுவைத்தார், கடிதம் எழுதினார் என்றான். மரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். கையில் பாசிதான் உதிர்ந்தது.

எங்கேடா குறி, செத்த மனுஷன் பேரில் பொய்யா என்று எர்கெஷ் கேட்டது, காய் பொறுக்க வந்திருந்த அத்தனை குடும்பங்களுக்கும் முன்னால்.

அந்த வாரமே ஜோரோ ரஷ்யாவுக்குப் போய்விட்டான். அம்மாவை அடக்கம் பண்ணியபோதும் வரவில்லை.

ஜிபார் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். "பாவம், உண்மையத்தான் சொல்லியிருக்காரு. இந்தப் பாழாப்போன பாசி மறைச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? போன் போட்டுத் தம்பிகிட்டச் சொல்லுங்க, போங்க."

மேட்டில் ஏறினால்தான் சிக்னல். மூச்சிரைக்க ஏறினான்.

"குறி இருக்குடா ஜோரோ. பாசி மூடிக் கெடந்திருக்கு. எனக்குத் தெரியலடா."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"விடுங்கண்ணே. உங்க மேல என்ன தப்பு? நான்தான் வீம்பு புடிச்சு, அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போடக்கூட வரல. என்னை மன்னிச்சிருங்க."

தொடர்பு அறுந்தபிறகும் எர்கெஷ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே ஜிபார் கையசைத்து, பேசியாச்சா என்று கேட்டாள். தலையாட்டினான்.

அப்பா குறி கீறியது எர்கெஷின் கத்தியால். கேட்டதும் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கீறி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றிருந்தான்.