கறுப்பு பிளேட்

அச்சகத்தில் கலர் படத்தைப் பிரித்து நிறத்துக்கு ஒரு பிளேட் எடுப்பது அவள் வேலை. ஒரு கடைக்காரர் தன் கடைக் காலண்டருக்கு, தானும் அண்ணனும் நிற்கும் படத்தில் அண்ணனை அழிக்கச் சொல்லியிருந்தார். “இனிமே அவர் வரமாட்டாரும்மா” என்றபோதே அந்த ஆளின் முழி அவளுக்குச் சரியாகப் படவில்லை.

கம்ப்யூட்டரில் அழித்தாள். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்று பிளேட்டிலும் தம்பியான கடைக்காரர் மட்டும்தான். கறுப்பு பிளேட்டில் அண்ணன் நின்றார்.

“உன் வேலையாடா?” என்று மெஷின்காரனை முறைத்தாள்.

“எனக்கு மவுஸே பிடிக்கத் தெரியாதுக்கா!”

மறுபடி எடுத்தாள். இப்போது அண்ணனின் கை தம்பியின் தோளில் இருந்தது.

கடைக்காரரின் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி எடுத்தார்.

“இப்பத்தான் கிளம்பினாரு. ஒரு வருஷமா காணாமப்போன அவங்க அண்ணன் வந்துட்டாரும்மா! தோள்ல கைபோட்டு கூட்டிட்டுப் போனாரு. சந்தோஷத்துல இவருக்குப் பேச்சே வரல.”