ஒரே ஒருமுறை

தூத்துக்குடியில் இலவசமாக டயாலிசிஸ் செய்யும் எங்கள் அறக்கட்டளையில், யாருக்குச் சிகிச்சை என்பதை இயந்திரம்தான் முடிவு செய்கிறது. மனித அறங்காவலர் ஒரு பொத்தானை அழுத்தி ஒரே ஒருமுறை அதை மாற்றலாம். மாற்றியதும் பதவி போய்விடும். அறங்காவலராக விரும்புகிறவர்களுக்கான மாலை வகுப்பில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த ஒருமுறையைச் செலவழிக்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான்.

வகுப்பில் அத்தனை பேர் இருக்க என்னை ஏன் அறங்காவலராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இன்று நோயாளிகளைச் சந்திக்கும் முதல் கூட்டத்துக்கு முன் ஆசிரியை ஜேசுராணியிடமே கேட்டேன்.

“டீயா காப்பியான்னு கேட்டாலே நீ அரை மணி நேரம் யோசிப்ப, பிலோமி. உன் கை அந்தப் பொத்தான் பக்கம் போகாதுல்லா” என்று சிரித்தார். பாசமாகத்தான் சொன்னார்.

முதலில் வந்தவர் உப்பளத்தில் வேலை பார்த்த செண்பகக்கனி. வயது அதிகம், பலன் குறைவு என்று இயந்திரம் அவரை நிராகரித்தது. அதை அவரிடம் நேரில் சொல்வது என் வேலை. வகுப்பில் பழகியபடியே சொன்னேன்.

“சாவப்போறது நானு. உனக்கு ஏன் தாயி இப்படி வேர்க்கு? இந்தா, குடி” என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சிறுநீரகம் பழுதானதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவருக்கு அளந்து கொடுத்திருந்த தண்ணீர் அது. வாங்கிக் குடித்துவிட்டேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

“நாளைக்கு இவளைவிடப் பாவப்பட்டவ வந்தா, பதவியும் இல்லாம என்னட்டி செய்வ?” என்று ஜேசுராணி கேட்டார்.

அறங்காவலர் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். உள்ளே செண்பகக்கனிக்கு டயாலிசிஸுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள்.