அகலத் திரை

"பாப்பா வர்ற அந்தக் கல்யாண சிடியக் கொஞ்சம் போடுங்க."

மனைவியே வாய் திறந்து கேட்டதும் தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகளைப் பறிகொடுத்த பிறகு அந்த சிடி பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். இன்றைக்கு என்னவோ, துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்கிறாள். மனசு மாறுவதற்குள் போட்டாக வேண்டும்.

அதில் இருப்பது மச்சான் கல்யாணம். உறவும் நட்பும் மேடை ஏறி, பல்லைக் காட்டி, இறங்கிப் போகும். நடுவில் கொஞ்ச நேரம் பாப்பா வருவாள். போட்டோ நிறைய இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் நடந்து, திரும்பி, சிரிக்கிற பாப்பா உலகத்திலேயே அந்த சிடியில் மட்டும்தான் மிச்சம்.

பரணிலிருந்து பழைய பிளேயரை இறக்கினார். தூசி மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினார். அதுகூடப் பரவாயில்லை. புது டிவியின் முதுகைத் தடவிப் பார்த்தால், பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயருக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. எல்லாம் தட்டை வாய். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எப்படி ஐயா முடிச்சுப் போடுவது?

எலெக்ட்ரிக்கல் கடைக்கு ஓடினார். கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். இந்தப் பக்கம் மூன்று கலர், அந்தப் பக்கம் தட்டை ஒயர், டப்பாவுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்த மனுஷன் கடைசியை மட்டும் கோட்டை விட்டார்.

சிக்னல் இல்லை என்றது டிவி. ஒயரைப் பிடுங்கினார், செருகினார், ஊதினார். அதுவோ சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"விடுங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அவள் எழுந்தாள்.

அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று அவருக்குத் தெரியாதா? கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளை உட்கார வைத்தார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டப்பாவின் கரண்ட் ஒயரை டிவியின் இடுப்பில் இருந்த ஓட்டையில் செருக, குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

படம் வந்தது.

வந்த படத்தைப் பார்த்தால் மேடையில் மச்சான் பூசணிக்காய் மாதிரி நிற்கிறான். ஊதினால் பறக்கிற ஆள் அவன். சதுரப் பெட்டிக்கு எடுத்த படத்தை இந்த அகல டிவி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து வைத்திருந்தது. அவள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

படத்தை ஓட்டி ஓட்டி மண்டப வாசலுக்குக் கொண்டுவந்தார். மிட்டாய்த் தட்டோடு பாப்பா நின்றாள்.

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தையல்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆயுசெல்லாம் அளவெடுத்த கண் சும்மா இருக்குமா? அந்தப் பச்சைச் சட்டை அவர் தைத்தது. தோளில் இரண்டு அங்குலம் கூட, இடுப்பில் நாலு அங்குலம் கூட. என் பிள்ளை இவ்வளவு அகலமா? ஆசைப்பட்டுக் கேட்டவளுக்குப் பிள்ளையை இப்படியா காட்டுவது?

படத்தை அப்படியே நிறுத்திவிட்டு ரிமோட்டைக் குடைந்தார். எதையோ அமுக்க, இரண்டு ஓரமும் கறுத்து, படம் நடுவில் ஒடுங்கி நின்றது. அளவு கச்சிதம்.

"இப்பப் பாரு. அச்சு அசல் நம்ம பாப்பா!"

அச்சு அசல்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் வளையல் நிற்காமல் முழங்கை வரை ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒரு நாள்தான் வெளியே விட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின இரவுகூட அந்தச் சட்டையைப் பிரித்து இன்னும் உள்ளே பிடித்துத் தைத்தவர் அவர்தான்.

திரும்பினார். அவள் டிவியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்ன மாதிரியே வைங்க" என்றாள். "வாயில வச்ச சோறெல்லாம் வெளிய வந்துச்சேங்க. நான் எவ்வளவு ஊட்டியும் அந்த உடம்புல ஒரு பிடி சதை ஒட்டலயே. அதுலயாவது நல்லா சாப்பிட்ட புள்ளையாட்டம் இருந்தா."

தப்பு, அது டிவியின் கோளாறு என்று சொல்ல வாய் எடுத்தவர், ரிமோட்டைத் திரும்பவும் குடைந்தார். எந்தப் பொத்தானை அமுக்கினோம் என்பதே மறந்துபோய், கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

ஓரத்துக் கறுப்பு விலகியது. பாப்பாவின் கன்னம் உப்பியது. கழுத்தெலும்பு மறைந்தது. வளையல்கூடக் கையோடு ஒட்டி நின்ற மாதிரி இருந்தது.

நிறுத்தியதை ஓடவிட்டார்.

மனைவி நாற்காலியிலிருந்து இறங்கி, டிவிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாள். பாப்பா யாருக்கோ மிட்டாய்த் தட்டை நீட்டினாள்.

"நீயும் ஒண்ணு வாயில போட்டுக்கடி, கண்ணு" என்றாள் அம்மா.