பூனைத் தீனிக்கு வந்த கிராக்கி

திரையில் இன்னொரு பாக்கெட் பூனைத் தீனி விற்றது.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தலைமை அலுவலகத்தில் அவளுக்கு இதுதான் வேலை. எந்தக் கிளையில் எதற்கு பில் போட்டாலும் அந்த நொடியே இங்கே தெரிந்துவிடும். அதை வைத்து, அடுத்த வாரம் எந்தக் கடைக்கு எது எவ்வளவு போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும்; இவள் அதை ஆர்டராகத் தட்ட வேண்டும். ஏதாவது சரக்கு மளமளவென்று விற்றால் மட்டும் அதுவே ஆர்டர் போட்டுவிடும். அலுவலகத்தில் அதற்கு ஜோசியர் என்று பேர்.

போன வாரம் ஜோசியர் பன்னிரண்டு பாக்கெட் என்றார். இவள் கை ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டது. லாரி கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தாள்.

அதுவும் அவள் பிறந்த ஊர்க் கிளைக்கு.

அந்த ஊரில் பூனைகள் உண்டு. காசு கொடுத்துப் பூனைக்குத் தீனி வாங்குகிற மனுஷர்கள்தான் அபூர்வம்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளிக்கிழமை சரக்கு தேங்கி நின்றால், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் திங்கட்கிழமை கடை திறந்ததுமே விற்க ஆரம்பித்தது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். மழை கொட்டிய அன்றைக்குக்கூட நிற்கவில்லை.

இதோ, வெள்ளி மதியம். அலமாரி காலி.

மேலாளர் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். "இத்தனை வருஷமா அந்த ஊரைப் பாக்குறோம், எங்க கண்ணுல படலையே! உனக்கு மட்டும் எப்படிம்மா தோணுச்சு?"

அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தாள். தனக்குள் ஏதோ இருக்கிறது என்று பாதி நம்பவும் தொடங்கியிருந்தாள்.

ஜோசியர் முழுதாகவே நம்பிவிட்டார். விற்ற வேகத்தைப் பார்த்து, இரண்டு மடங்கு சரக்கை அவராகவே காலையில் லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, இந்தப் பூனைத் தீனி எத்தனை மாசம் கெடாம இருக்கும்?"

வீட்டில் பூனை கிடையாது. தெருமுனையில் பூனை வந்தாலே அப்பாவுக்குத் தும்மல் வந்துவிடும்.

"ஏம்ப்பா?" என்றாள்.

"சும்மாதான் கேட்டேன். கட்டிலுக்கு அடியில இனிமே இடமில்ல. பீரோவுல ஒரு தட்டு காலி பண்ணிக் குடுன்னு கேட்டா, உங்கம்மா அடிக்க வர்றா."

திரையில் இருந்த வரைபடத்தில், ஜோசியர் அனுப்பிய லாரி அவள் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நீ போன்ல அழுததுலேர்ந்து மனசே ஆறல பாப்பா. இது போதுமா, இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா?"