வெர்லினின் புதுச் சட்டை

“அப்பா, பிடியை ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க? அது என்ன, ஓடிப்போற பன்னியா?”

மகள் டார்லாவின் அதட்டல் காதில் ஒலித்ததும் வெர்லின் பல்லைக் கடித்தார். விமானத்துக்குக் கீழே கான்சாஸின் கோதுமை வயல்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடின. அறுபது வயதுக்கு மேல், பெற்ற மகளிடமே விமானம் ஓட்டக் கற்பதைவிடப் பெரிய தண்டனை ஒரு விவசாயிக்கு இருக்க முடியாது.

“காத்து தூக்கித் தூக்கிப் போடுது. பிடிக்காம என்னம்மா செய்ய?”

“சும்மா விடுங்க. இறக்கை சாஞ்சா அதுவா நிமிரும். மூக்கு தூக்கினா அதுவா இறங்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. நடுவுல புகுந்து கெடுக்கிறது நீங்கதான்.”

“உனக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.”

“அன்னிக்கும் நீங்கதான் கத்துனீங்க.”

நாளை அவள் டென்வருக்கு வேலைக்குப் போகிறாள். ஊரில் கற்றுத்தர வேறு ஆளில்லை. இன்று உருப்படியாக ஓட்டிக் காட்டினால்தான் அவருடைய உரிமக் கனவு பிழைக்கும்.

ஓர் ஆறுதல் இருந்தது. முன்னிருக்கையில் இருப்பவர் தவறு செய்தால், ஆசிரியர் பின்னிருக்கையிலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது விமானப் பயிற்சியில் பழைய வழக்கம். இழுபட்டே அவருடைய சட்டைகளெல்லாம் நைந்துபோயிருந்தன. மனைவி நோரீன் வாங்கித் தந்த இந்தப் புதுச் சட்டை மட்டும் இன்னும் கசங்கவில்லை.

“என்ன, இன்னிக்கு ஒரு இழுப்பையும் காணோம்? கை வலிக்குதா?”

அதற்குப் பதில் வரவில்லை.

மீண்டும் ஒரு காற்று மோதி இடது இறக்கை சரிந்தது. சலிப்பின் உச்சத்தில், ‘எப்படியோ போ’ என்று வெர்லின் விரல்களை விரித்தார். விமானம் ஒருமுறை தள்ளாடியது. பிறகு, அதட்டல் நின்ற குதிரையைப் போலத் தானே நிமிர்ந்து நடந்தது.

ஓடுபாதை நெருங்கியதும் பழைய பிடி திரும்பியது, சண்டையும் திரும்பியது.

“வேகத்தைப் பாருங்கப்பா.”

“தெரியும்.”

“மூக்கை இப்பவே தூக்காதீங்க.”

“தெரியும்னு சொல்றேன்ல. இன்னும் ஒரு வார்த்தை பேசுனே, உன்னை இங்கேயே இறக்கிவிட்டுருவேன்.”

சக்கரங்கள் ஒரு குதி குதித்துத் தரையைப் பற்றின. கொட்டகை முன்னால் நிறுத்தி, வியர்வையைத் துடைத்தபடி இறங்கினார்.

கொட்டகைக்குள்ளிருந்து டார்லா கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். அவள் பின்னால் நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“பிடியில இருக்கிற ரேடியோ பொத்தானையும் சேர்த்தே நெரிச்சிருக்கீங்கப்பா. நீங்க பேசுனதை இங்க எல்லாரும் கேட்டோம். நடுவுல கொஞ்ச நேரம் சத்தம் நின்னுச்சு பாருங்க, அப்பதான் பிடியை விட்டுட்டீங்கன்னு எனக்கு உயிரே வந்துச்சு.”

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார். டார்லா புதுச் சட்டையின் முதுகைக் கத்தரித்து எடுத்தாள்.

“முதல் தடவை தனியா ஓட்டிட்டா இதை வெட்டிடுறதுதான் வழக்கம்பா. இனிமே இதைப் பிடிச்சு இழுக்கப் பின்னால ஆள் வேண்டாம். அது சரி, கிளம்புறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டு நான் இறங்கிட்டேனே, மேல யார்கூடப்பா அவ்வளவு சண்டை?”